ஹெக்டரின் போணி

அத்தியாயம் 17

ஹெக்டர் நோஸ்கி இறந்து எட்டு நாள் ஆகியும் ரொவீனா தன் அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய நேரங்கள் வந்தன, போயின. ஒவ்வொரு தடவையும் அவள் டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

அப்பாவின் கார் கடை ஜாங்கர் மோட்டார்ஸ் சமாசாரம் யாரிப் ஊருக்கே தெரியும். நாற்பத்தொன்பது வருடமாக விற்றுவந்த ஜப்பான் வண்டியை இனி விற்க வேண்டாம் என்று கடிதம் வந்துவிட்டது. கம்பெனி இனிமேல் நாடு முழுவதும் ஒரே விலையில், இணையத்தில் தானே விற்றுக்கொள்ளுமாம். சின்ன ஊர்க் கடைகளில் அறுபத்திரண்டு தேவையில்லை என்று எங்கோ ஒரு மாடியில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அதே இடத்தில் சீன வண்டியை நிறுத்த ரொவீனா ஓசைப்படாமல் ஏற்பாடு செய்திருந்தாள். அவளையும் தம்பி லயலையும் சேர்த்து ஒன்பது பேர் பிழைப்பு அதில் இருந்தது.

ஆனால் கடையும் மனையும் அப்பா க்ளெம் பெயரில். அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். எழுபத்தாறு வயதில் மனுஷர் சீன வண்டி கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. தவறினால் ஹார்ஷமில் இருக்கும் போட்டிக் கடைக்காரனுக்கு அந்த வாய்ப்பு போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஹெக்டரின் அடக்கமும்.

காலை எட்டு மணிக்கே மெர்லீன் போன் செய்துவிட்டாள். ஹெக்டரின் மனைவி. ரொவீனாவுக்கு ஞானஸ்நானத் தாய். எட்டு நாளில் அழுது முடித்துவிட்டு இப்போது காரியத்தில் இறங்கியிருந்தாள்.

"ரோ, அவர் வண்டியைக் கழுவ உங்கப்பா எத்தனை மணிக்கு வரார்?"

இது அந்த ஊர் வழக்கம். ஜாங்கர் கடையில் வண்டி வாங்கியவர் இறந்தால், அவருடைய பிக்கப் வண்டியின் பின்தட்டில்தான் சவப்பெட்டி போகும். க்ளெம் தன் கையால் அதைக் கழுவித் துடைத்து, தானே ஓட்டிக்கொண்டு போவார். இதுவரை நூற்றுப் பதினேழு பேரை அப்படிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"அத்தை... அவரோட பழைய வண்டி இருக்கில்ல, அதையே..."

"அதை மருமகன் எடுத்துட்டுப் போய் ஒரு மாசமாச்சு. குயின்ஸ்லாந்துல ஆட்டுக்குட்டி ஏத்திட்டு இருக்கான்."

"அப்போ கடையிலேருந்து புதுசா ஒண்ணு அனுப்பறேன்."

"எதுக்கு? கொட்டகையில அவரோடது நிக்குதே. ஆசைப்பட்டு வாங்கினார். ஊருக்குள்ள ஓட்டக் கூடாதுன்னு நீ வாங்கின சத்தியத்துக்காக, பாவம், வயக்காட்டுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வந்தார்."

"அப்பாவுக்கு இன்னும் தெரியாது அத்தை."

"இன்னுமா?"

"ம்."

"எட்டு நாளா என்னடி பண்ணிட்டிருந்தே?" மெர்லீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒன்பது மணிக்கு அவரைக் கூட்டிட்டு வா. நீயே சொல்லு. இல்லேன்னா வண்டியைப் பார்த்து அவரே தெரிஞ்சுக்கட்டும். என் புருஷன் அவர் வண்டியிலதான் போவார்."

போனை வைத்துவிட்டாள்.

எட்டு வாரத்துக்கு முன்பு ஹெக்டரிடம் விஷயத்தைச் சொன்னது ரொவீனாவேதான். அப்பாவின் பேச்சுத் துணை, ஐம்பது வருடச் சிநேகிதர், அவர் எடுத்துச் சொன்னால் அப்பா இறங்கி வருவார் என்று ஒரு கணக்கு. ஹெக்டர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறுல உங்கப்பன் ஜப்பான் வண்டியைக் கொண்டுவந்தான் பாரு, ஊரே காறித் துப்புச்சு. உங்க தாத்தா சண்டையில ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில தம்பியைப் பறிகொடுத்தவர். ரெண்டு வருஷம் மகன் மூஞ்சியில முழிக்கலை. அப்போ முதல் போணி பண்ணினவன் நான்தான். உனக்கும் நானே பண்றேன். எழுதிக்கோ."

"மாமா, கடையே இன்னும் கைக்கு வரலை!"

"மெல்பர்ன்லேருந்து தருவிச்சுக் குடு. உங்கப்பனை அதுல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். அப்புறம் பேசறேன்."

அங்கேதான் ரொவீனா தப்புச் செய்தாள். வண்டி வந்து சேரும் வரை, சம்மதப் பத்திரம் கைக்கு வரும் வரை அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினாள். ஹெக்டருக்குப் பொய் சொல்ல வராது. எதிரில் உட்கார்ந்தால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அவர் எதிரில் உட்காருவதையே விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உதிரிபாகக் கவுண்டருக்கு வந்து க்ளெமோடு டீ குடிக்கிற நாற்பது வருடப் பழக்கம் அப்படி நின்றுபோனது.

பத்திரம் போன வாரம் புதன்கிழமை வந்தது. சனிக்கிழமை வண்டியோடு வருவதாக ஹெக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலையில் வேலியோரம் விழுந்து கிடந்தார்.

நோஸ்கி பண்ணைக்கு இருபது நிமிட ஓட்டம். ரொவீனா ஓட்டினாள். க்ளெம் கறுப்புக் கோட்டைக் கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வாளியைக் காலுக்கிடையில் இடுக்கியிருந்தார். அம்மா போன பிறகு அவர் ரொவீனா வீட்டில்தான் இருக்கிறார். காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"ஏழு வெள்ளிக்கிழமை," என்றார் திடீரென்று.

"என்னப்பா?"

"ஏழு வெள்ளிக்கிழமை அவன் வரலை. கடை போகப்போகுதுன்னு தெரிஞ்சதும் ஒதுங்கிட்டான். அவனுக்கு என்ன, பாகம் வேணும்னா ஹார்ஷம் போயிப்பான். என்கிட்ட இனிமே என்ன இருக்கு?"

"அவர் அப்படி ஆளில்லப்பா."

"அப்போ ஏன் வரலை? சொல்லேன், நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே."

சொல்லியிருக்கலாம். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. இருபுறமும் அறுவடை முடிந்த வயலின் வெறும் தாள்தான். ரொவீனா வாயைத் திறந்தாள். "மெர்லீன் அத்தை எதுவும் சாப்பிட்டாங்களோ என்னவோ," என்று சொன்னாள். தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கொட்டகைக் கதவை க்ளெம்தான் தள்ளித் திறந்தார்.

வெள்ளி நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல் நின்றது வண்டி. முகப்பில் சீன கம்பெனியின் பெயர் பெரிதாக. பக்கவாட்டில் மின்சாரம் ஏற்றும் வயர் சொருகியபடி இருந்தது. டயர் பள்ளங்களில் மட்டும் வயல் மண்.

"யார் வண்டி இது?"

"ஹெக்டர் மாமாவோடதுப்பா."

க்ளெம் முகப்பில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"ஓ. இதுக்குத்தானா வராம இருந்தான்? ஹார்ஷம்காரன்கிட்ட போய் வாங்கியிருக்கான். அவனும் சீனாக்காரனை வெக்கப் போறான்னு கேள்விப்பட்டேன்." "டேய் ஹெக்டர், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?"

ரொவீனா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன பார்த்துட்டு நிக்கறே? தண்ணி பிடி. செத்தவன் எந்த வண்டியில போனா என்ன, அழுக்கு வண்டியில போகக் கூடாது."

கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டார். கூரையிலிருந்து ஆரம்பித்தார், எப்போதும் போல. கண்ணாடி, கதவு, சக்கரம். டயர் பள்ளத்து மண்ணை ஒரு குச்சியால் நோண்டி எடுத்தார். தன் வண்டி, அடுத்தவன் வண்டி என்ற பேதம் அந்தக் கைக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ரொவீனாவுக்கு அழுகை முட்டியது.

பின்பக்கத்துக்கு வந்தார். பின்தட்டைத் துடைத்தார். எண் பலகையைத் துடைக்கக் குனிந்தவர், நிமிரவில்லை.

ரொவீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைப் பட்டறையிலிருந்து எந்த வண்டி வெளியே போனாலும் எண் பலகையைச் சுற்றி ஒரு கறுப்புச் சட்டம் மாட்டி அனுப்புவது லயலின் கைப்பழக்கம். இருபத்தாறு வருடம் மாட்டிய கை. அப்பா கண் டாக்டரைப் பார்க்க பலாரட் ஊருக்குப் போயிருந்த அன்றைக்கு இந்த வண்டியை இறக்கிச் சரிபார்த்தவனும் அவனே. ரகசிய வண்டி என்பது அவன் மூளைக்குத் தெரிந்திருக்கும். கைக்கு யார் சொன்னது?

க்ளெம் கட்டை விரலால் அந்தச் சட்டத்தை ஒரு தடவை தேய்த்தார். 'ஜாங்கர் மோட்டார்ஸ், யாரிப்' என்று வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"ரோ."

"அப்பா..."

"இது நம்ம கடையிலேருந்தா போச்சு?"

"ஆமாம்ப்பா." இனி ஓட இடமில்லை. "நான்தான் வித்தேன். மெல்பர்ன்லேருந்து தருவிச்சேன். அவர் பேசினா நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன். பத்திரம் வர்ற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அவர் உங்களை விட்டு ஒதுங்கலைப்பா. உங்க எதிர்ல பொய் சொல்ல முடியாம வராம இருந்தார். எல்லாம் என்னாலதான்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். திட்டுவார், வாளியை உதைப்பார் என்று காத்திருந்தாள்.

க்ளெம் துணியைப் பிழிந்தார். உதறினார். கதவு விளிம்பில் காயப் போட்டார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"இதை எப்படி ஸ்டார்ட் பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

லுத்தரன் சர்ச்சிலிருந்து கல்லறைத் தோட்டம் ஒன்றரை மைல். முன்னால் பெட்டியோடு க்ளெம். பின்னால் நாற்பது, ஐம்பது வண்டிகள்.

முதலில் சலசலப்புத்தான். "என்னய்யா, க்ளெம் சீன வண்டி ஓட்டறார்?" என்று ஒருவர் ஜன்னல் வழியே கேட்க, "செத்துப்போன ஹெக்டரே எழுந்து உக்காருவார் போலிருக்கு," என்றார் இன்னொருவர். அப்புறம் அடங்கிவிட்டார்கள். முன்னால் போகிற வண்டியில் எஞ்சின் சத்தமே இல்லை. சரளைக் கல் நெரிபடுவது மட்டும் கேட்டது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தி, கடைசியாக ஒரு முறை எஞ்சினை உறுமவிட்டு உள்ளே போவது வழக்கம். நூற்றுப் பதினேழு பேருக்கும் க்ளெம் அதைச் செய்திருக்கிறார். இப்போதும் வாசலில் நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நிமிடம் ஆனது. பின்னாலிருந்த லயல் பதறிப்போய் இறங்கி ஓடிவந்தான். நாற்பத்திரண்டு வயது, பெரிய உடம்பு, அடக்கத்துக்கென்று போட்ட கோட்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது.

"அப்பா, நின்னுடுச்சா? தள்ளணுமா?"

"ஓடிட்டுத்தான்டா இருக்கு," என்றார் க்ளெம். "அழுத்தறேன், அழுத்தறேன், சத்தம்தான் வரமாட்டேங்குது."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். மெர்லீன் இறங்கிப் போய் ஜன்னல் வழியே கையை விட்டு அவர் முதுகில் வைத்தாள். கணவனைப் பறிகொடுத்தவள் அடுத்தவருக்கு ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் டீ. முட்டை சாண்ட்விச், தேங்காய்த் துருவலில் உருட்டிய கேக், பெரிய அலுமினிய கெட்டில். மணி மூன்றே முக்கால். ரொவீனா கைப்பையில் பத்திரம் இருந்தது. அதை இன்று வெளியே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. போனால் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டாள். எதிரே பட்டறைக்காரர்கள் ஒன்றாக நின்று, அவளைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூலை மேஜையில் க்ளெம் தனியாக இருந்தார். கையைக் காட்டி அவளைக் கூப்பிட்டார்.

"பத்திரம் கொண்டு வந்திருக்கியா?"

"இன்னைக்கு வேண்டாம்ப்பா."

"இன்னைக்குத்தானே கெடு? எடு."

எடுத்து வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கத்தையும் வரிக்கு வரி படித்தார். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை," என்றார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தபால் ஆபீஸ் வாசல்ல அவனைப் பார்த்தேன்."

ரொவீனா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதிர்ல வந்தான். என்னைப் பார்த்துட்டுக் கையைத் தூக்கினான். சிரிச்சான். என்னமோ சொல்ல வந்தான் போல."

"அப்பா..."

"நான் பார்க்காத மாதிரி போயிட்டேன். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டேன், ரோ. அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ரெண்டு தடவை கூப்பிட்டான். நல்லா காதுல விழுந்துச்சு. பெரிய ரோஷக்காரன் நான், திரும்பலை."

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

"ரெண்டே நாள்ல போயிட்டான். நான் கோவமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பான்."

"என் தப்புப்பா. நான் வாங்கின சத்தியம்தான்..."

"பேனா குடு."

கொடுத்தாள். மூன்று இடத்தில் கையெழுத்து, ஒரு இடத்தில் தேதி. மடித்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒன்பது குடும்பம். அதுல உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன். நான் எங்கப்பன்கிட்ட செஞ்சதைத்தான் நீ என்கிட்ட செஞ்சிருக்கே. ஆனா நான் அவர் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. முதல் நாளே அவனை என்கிட்ட அனுப்பியிருந்தா, அவன் வந்து உக்காந்து, 'டேய் க்ளெம், போடுடா'ன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே போட்டிருப்பேன். திட்டிக்கிட்டே போட்டிருப்பேன். இத்தனை வருஷத்துல அவன் பேச்சை எதுல தட்டியிருக்கேன்?"

ஏழு வாரமாக அவள் கட்டிக் காத்த ரகசியத்துக்கு அவசியமே இருந்திருக்கவில்லை.

"போ. ஐஞ்சு மணிக்குள்ள அனுப்பணுமில்ல?"

"நீங்களும் வாங்கப்பா. சேர்ந்தே போலாம்."

"லயலோட வரேன். போ."

நாலரைக்குக் கடையிலிருந்து பத்திரம் இணையம் வழியாக மெல்பர்னில் இருக்கும் சீன கம்பெனி ஆபீசுக்குப் போய்விட்டது. நாலு ஐம்பதுக்கு வாழ்த்துச் சொல்லிப் பதிலும் வந்தது. திரும்பியிருந்த பட்டறைக்காரர்கள் முதலில் நம்பவில்லை. அப்புறம் ஒருவன் கையைத் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். கணக்கெழுதும் அம்மாள் ரொவீனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோருக்கும் ரொவீனா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கண் மட்டும் வாசலைப் பார்த்தபடி இருந்தது.

ஐந்தே காலுக்கு லயல் வந்தான். தனியாக.

"அப்பா எங்கேடா?"

"இங்கே வரலையா?" லயல் முழித்தான். "வழியில உன் வீட்டுல இறங்கிக்கறேன்னார். பத்து நிமிஷம் உள்ளே இருந்தார். ஒரு சின்னத் துணிப்பெட்டியோட வந்தார். தபால் ஆபீஸ் வாசல்ல நிறுத்துன்னார், நிறுத்தினேன். நடந்து வரேன், நீ போ, வழியில முடிக்க வேண்டியது ஒண்ணு இருக்குன்னார்."

"பெட்டியைப் பார்த்தும் ஒண்ணும் கேக்கலையா நீ?"

"கேட்டேன். வாயைத் திறக்கலை. இதை உன்கிட்ட குடுக்கச் சொன்னார்."

கோட்டுப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வீட்டுச் சாவி. அம்மா போன அன்றைக்கு, 'இனிமே இது உங்க வீடுப்பா' என்று சொல்லி ரொவீனாவே அவர் கையில் கொடுத்தது.

உள்ளே கொண்டாட்டம் இன்னும் ஓயவில்லை. ரொவீனா வாசலுக்கு ஓடினாள். தபால் ஆபீஸ் வரை தெரு நேராகத்தான் போகிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அதில் யாருமே இல்லை.

"அப்பா!" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள்.